பாகீரதியின் இரட்டைப்படைக் கியர்கள்

பாகீரதி இறந்த விடியற்காலையிலிருந்து வேதாச்சலத்தின் காரில் இரண்டு, நான்கு, ஆறு ஆகிய இரட்டைப்படைக் கியர்களும் ரிவர்ஸும் விழவில்லை. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு மட்டும் எப்போதும் போல விழுந்தன. நர்சிங் ஹோம் சுவரை ஒட்டி மூக்கை நுழைத்து நிறுத்தியிருந்த வண்டி பின்னால் வர மறுத்தது. வார்டு பையன்களும் வாசலில் டீ விற்றவரும் சேர்ந்து அதைத் தள்ளி வெளியே கொண்டுவந்தார்கள். மனைவி கண்மூடிக் கொஞ்ச நேரம்கூட ஆகாத மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "ஆஸ்தே, ஆஸ்தே", மெதுவாக, மெதுவாக என்று அவர்களிடம் வங்காளியில் கெஞ்சிக்கொண்டிருந்தார். மழை விடாமல் பெய்தது. அந்த வாரம் இலிஷ் மீன் வரத்து அதிகம், விலை இறங்கியிருந்தது.

அந்தக் காரை அவர் வாங்கியதே பாகீரதிக்காகத்தான். இன்சூரன்ஸ் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கல்கத்தாவின் பவானிபூரில் ஒரு தரைத்தள வீட்டில் இருவரும் இருந்தார்கள். அவளுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது, கழுத்தெலும்பும் தேய்ந்திருந்தது. கியர் மாறும்போது வண்டி லேசாகக் குலுங்கினாலே உயிர் போய்விடும். பழைய கார் விற்கும் இடங்களுக்கு எல்லாம் அவள் ஒரு டம்ளர் நிறைய மோரோடு போனாள். முன்னிருக்கையில் உட்கார்ந்து அதைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு சுற்று ஓட்டச் சொல்வாள். மற்ற வண்டிகளில் மோர் புடவையில் கொட்டியது, இதில்தான் ஒரு சொட்டும் சிந்தவில்லை. காரணம், இதில் கிளட்ச் இரண்டு. ஒன்று ஒற்றைப்படைக் கியர்களைப் பார்த்துக்கொள்ளும், மற்றது இரட்டைப்படையையும் ரிவர்ஸையும். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கியரை மற்றது போட்டுத் தயாராக வைத்திருக்கும். மாறுவது வெளியே தெரியாது. பழைய வண்டியில் இந்த கியர்பாக்ஸ் மட்டும் வேண்டாம், சூடு பட்டால் போச்சு, சர்வீஸ் விவரம் எதையும் காட்டாமல் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். வேதாச்சலம் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு வண்டியை வாங்கினார்.

பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கியர்பாக்ஸ் வேலை மட்டும் பார்க்கும் ராகுல் என்ற வாயாடி மெக்கானிக் முதல் நாளே அவருக்குப் பாடம் எடுத்தான். இந்த கிளட்ச் எண்ணெயில் கிடப்பதல்ல, உலர்ந்த வகை. நகர ஆரம்பித்ததுமே வண்டி இரண்டாவதுக்குப் போய்விடும், பிரேக்கைப் பாதி மிதித்துக்கொண்டு ஊர விட்டால் இரட்டைப்படை கிளட்ச்தான் உரசி உரசித் தேயும். முன்னால் இருக்கும் வண்டி நன்றாகப் போன பிறகு எடுங்கள், நீண்ட சிக்னலில் நியூட்ரலில் போடுங்கள் என்றான். இதையும் வேதாச்சலம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் துர்கா பூஜை வந்தது. ஊரே பந்தல் பந்தலாக நடந்து அம்மனைப் பார்க்கும்போது நடக்க முடியாதவள் என்ன செய்வாள்? வருஷா வருஷம் அவர் அவளை முன்னிருக்கையில் உட்கார்த்தி, கூட்டத்தின் பின்னாலேயே நடக்கிற வேகத்தில் ஊர்ந்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு அவள் கார் ஜன்னல் வழியாகவே கையெடுத்துக் கும்பிட்டாள். கிளட்ச் உரசியது, வண்டி நடுங்க ஆரம்பித்தது. ராகுல் திட்டினான். அவள் கும்பிட்டதெல்லாம் அந்த கிளட்சின் தேய்மானத்தில்தான் எழுதப்பட்டிருந்தது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

கேவ்ராதலாவில் தகனம் முடிந்த மறுநாள், மகள் தீப்தி நியூ டவுனிலிருந்து வந்து அஸ்திப் பானையைக் காரின் முன்னிருக்கையில் வைத்தாள். பானை உருண்டுவிடும் என்று சீட் பெல்ட்டை அதன் மேல் மாட்டிவிட்டு அவள் பின்னால் உட்கார்ந்தாள். வேதாச்சலம் வண்டியை எடுத்தார். இரண்டாவது கியர் விழுந்தது. பாபுகாட் போய்ச் சேர்வதற்குள் நான்கு, ஆறு எல்லாம் வந்துவிட்டன. கங்கையில் அஸ்தியைக் கரைத்துவிட்டு வெறும் கையோடு திரும்பினார்கள். இருக்கையில் எதுவும் இல்லை, பெல்ட் மட்டும் மாட்டியபடி இருந்தது. ரிவர்ஸ் போட்டார், வண்டி வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தது. வண்டியின் இடப்பக்கம் ஓர் ஆள் கனத்துக்குத் தாழ்ந்திருந்ததைத் தீப்திதான் முதலில் பார்த்தாள்.

அதன் பிறகு ஒழுங்கு தெளிவாகிவிட்டது. பெல்ட்டை மாட்டி இருக்கையைக் காலியாக விட்டால் எல்லா கியரும் விழும்; வேறு யார் அங்கே உட்கார்ந்தாலும் இரட்டைப்படை போய்விடும். தெருக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கார் போகும்போது இடப்பக்க ஜன்னலைப் பார்த்து, "காகிமா, சௌக்கியமா?" என்று சித்தி முறை வைத்து வங்காளியில் கேட்டார்கள். பெல்ட் மாட்ட மறந்த ஒரு நாள் ஹாஜ்ரா நாற்சந்தியில் டிராஃபிக் சார்ஜென்ட் வண்டியை நிறுத்தி, பக்கத்தில் இருக்கும் பெண்மணிக்கு பெல்ட் இல்லையா என்று அதட்டினார். வேதாச்சலம் மன்னிப்புக் கேட்டு மாட்டிவிட்டார். ஊரில் அவருக்கு வேறு குறை இல்லை.

குறையை ராகுல்தான் கண்டுபிடித்தான். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தவன் வழக்கமான வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு, இரட்டைப்படை கிளட்சில் மிச்சம் கொஞ்சம்தான் என்றான். பார்த்து ஓட்டினால் சில காலம் வரும், பூஜைக் கூட்டத்தில் ஊர்ந்தால் ஒரு சாயங்காலத்துக்குக்கூடத் தாங்காது. புதிது போட்டுவிடலாம், காகு, எல்லாம் சரியாகிவிடும் என்றான். வேதாச்சலம் பழைய கிளட்சை என்ன செய்வாய் என்று கேட்டார். இரும்புக்காரனுக்குப் போகும் என்றான் ராகுல். அவர் சாவியை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

தீப்தி போனிலும் நேரிலும் மன்றாடினாள். "ப்ளீஸ்பா, இது சேஃப் இல்ல. ஃப்ளைஓவர் நடுவுல நின்னுட்டா என்ன பண்ணுவீங்க? வண்டிய வித்துட்டு எங்கூட வந்துடுங்க."

"உங்கம்மாவை எங்க விட்டுட்டு வர்றது?" என்றார் அவர்.

அன்று முதல் கல்கத்தாவில் அவரைப் போல அந்த கியர்பாக்ஸைப் பராமரித்தவர் கிடையாது. சிவப்பு விழுந்தால் நியூட்ரல். முன்னால் ஒரு பஸ் நுழையும் அளவுக்கு இடம் விட்டார், பஸ்களும் நுழைந்தன. பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்து வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அவள் உயிரோடு இருந்தபோது எடுக்காத கவனத்தையெல்லாம் இப்போது எடுத்தார். அப்படியும் தேய்மானம் நிற்கவில்லை. கடைசியில் ஓட்டுவதையே விட்டுவிட்டார். காலையில் வீட்டு வாசலில் நிற்கும் காரில் ஏறி, பெல்ட்டை மாட்டி, என்ஜினைப் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பேப்பர் படித்துக் காட்டுவார். இப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தார்.

இடப்பக்கக் கண்ணாடி தானாக இறங்க ஆரம்பித்தது மகாளய அமாவாசை கழிந்த பிறகு. அவர் ஏற்றிவிட்டால் மறுபடி இறங்கும். தெருமுனைப் பந்தலில் டாக் மேளம் கொட்டியதும், நிறுத்தியிருந்த வண்டி இடப்பக்கமாக மெல்ல ஆடியது. வருஷம் பூராவும் வீட்டுக்குள் கிடந்து இந்த நாலு நாளுக்காகக் காத்திருந்தவள் அவள். அவளை இழக்கக் கூடாதென்று வாசலிலேயே கட்டிப்போட்டு வைத்திருக்கிறோம் என்று வேதாச்சலத்துக்குப் புரிந்தபோது, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். பிறகு தீப்தியைக் கூப்பிட்டு, சப்தமிக்கு லீவு போட்டுவிட்டு வரச் சொன்னார்.

சாயங்காலம் கிளம்பினார்கள். தீப்தி பின்னால் ஏறினாள். அப்பா என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்தேதான் வந்திருந்தாள். ஹாஜ்ராவிலேயே கூட்டம் தொடங்கிவிட்டது. வேதாச்சலம் பிரேக்கைப் பாதி மிதித்து, ராகுல் எதையெல்லாம் செய்யாதே என்றானோ அதையெல்லாம் செய்தார். பந்தல் வந்தால் கண்ணாடி இறங்கியது, தாண்டியதும் ஏறியது. மூங்கில் கூடைகளால் கட்டிய பந்தல், அதோ பார், அம்மன் முகம் இந்த வருஷம் கொஞ்சம் சின்னது, என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கரியாஹாட் தாண்டியதும் வண்டி நடுங்கியது.

"அப்பா, எரியற வாசனை வருது."

"தெரியும்மா. அவ பாக்கட்டும்."

மாடக்ஸ் சதுக்கத்தின் பக்கம் கூட்டத்தில் வண்டி நின்றேவிட்டது. கண்ணாடி இறங்கியது, இந்த முறை ஏறவில்லை. பெல்ட் தானாகக் கழன்று சுருண்டுகொண்டது. இடப்பக்கக் கதவு திறந்து மூடியது, தாழ்ந்திருந்த பக்கம் நிமிர்ந்தது. டேஷ்போர்டில் இரண்டு என்ற எண் அணைந்தது. பந்தலை நோக்கிப் போன கூட்டத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடைவெளி விழுந்தது. யாரும் அதில் இடிக்காமல், அதற்கு வழிவிட்டு நடந்தார்கள். இடைவெளி நல்ல வேகத்தில் போயிற்று. வேதாச்சலம் அது மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

தீப்தி கண்களைத் துடைத்துக்கொண்டு, "வெயிட் பண்ணலாமாப்பா?" என்று கேட்டாள்.

"அவ காத்திருக்கச் சொல்லலியேம்மா" என்றார்.

சார்ஜென்ட் பானெட்டைத் தட்டி நகரச் சொன்னார். முதல் கியரில் நகர்ந்தார்கள், வீடு வரை அதிலேயே வந்தார்கள். காளி பூஜைக்கு முன்பு ராகுல் புது கிளட்ச் பொருத்திக் கொடுத்தான், பழையது இரும்புக்காரனுக்குப் போயிற்று. வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. எல்லா கியரும் விழுகின்றன, பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், யாருமே உட்காராவிட்டாலும்.