மணமாகாத சகாயசெல்வி

தாலுகா ஆபீஸ் ஜன்னலில் மூன்றாவது நாளாக நின்றுகொண்டிருந்தாள் சகாயசெல்வி. தான் கல்யாணம் ஆகாதவள் என்று அவளுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். வயது ஐம்பத்து மூன்று, பேரன் பேத்தி எடுத்தாயிற்று. கணவர் லூயிஸ் பின்னால் பெஞ்சில் நெஞ்சைத் தடவியபடி உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

தப்பு முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தையது. லூயிஸ் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், பிரெஞ்சுக் குடிமகன். பிரெஞ்சுச் சட்டப்படி முதலில் மேரி என்று ஊர் சொல்லும் நகராட்சிக் கட்டடத்தில் கையெழுத்து, பிறகுதான் கோயில். ஆனால் தவக்காலம் நெருங்கிவிட்டது. அது தொடங்கினால் நாற்பது நாளைக்குக் கோயிலில் கல்யாணம் கிடையாது, மாப்பிள்ளைக்கோ லீவு இல்லை. தாலியை முதலில் கட்டுவோம், கையெழுத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள் பெரியவர்கள். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

இப்போது லூயிஸுக்கு இதய ஆபரேஷன். பாரீஸில் மகன் நெல்சன் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டான். மனைவி என்று தாள் காட்டினால்தான் அவள் கூடப் போகலாம். மறுபடி பதிவுக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள், அதற்கு மணமாகாதவர் சான்றிதழ் கொண்டுவாருங்கள் என்று பிரெஞ்சுத் தூதரகத்தில் சொல்லிவிட்டார்கள். தான் இல்லாமல் அந்த மனுஷன் ஆபரேஷன் மேஜையில் படுப்பதை அவளால் நினைக்கவே முடியவில்லை. மாத்திரையைக்கூட அவள் கையில் வைத்தால்தான் போடுவார்.

போன வாரம் சாரம் பகுதி வக்கீல் ஹரிகிருஷ்ணன் பொறுமையாகத்தான் விளக்கினார். "சட்டத்துல பல வகை இருக்கும்மா. கோயில் சட்டம் வேற, நம்ம நாட்டுச் சட்டம் வேற, பிரெஞ்சுச் சட்டம் வேற. எல்லாமே மனுஷங்க ஒழுங்கா வாழறதுக்குத்தான்."

"ஒழுங்காத்தான சார் வாழ்ந்தோம்? அதுங்க மூணும் ஒருநாளாவது ஒண்ணா ஒக்காந்து பேசிக்கக் கூடாதா?"

இப்போது ஜன்னலுக்கு உள்ளே இருந்த குமாஸ்தா சுமலதா ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கணவர் லூயிஸ்னு போட்டிருக்கே. ஆனவங்களுக்கு ஆகலன்னு எப்பிடிம்மா குடுக்கறது?"

"அங்க போனா ஆகலங்கறாங்க, இங்க வந்தா ஆயிடுச்சுங்கறீங்க. எந்த ஜன்னல்ல நான் பொண்டாட்டி, எந்த ஜன்னல்ல இல்ல, அத்த மொதல்ல சொல்லுங்க!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சுமலதா உள்ளே போய் அதிகாரியிடம் கேட்டுவிட்டு ஒரு தாளோடு வந்தாள். "எங்கயும் பதிவு ஆகல, மணமாகாதவள்தான்னு நீங்களே உறுதி எழுதிக் குடுத்துடுங்க. பின்னால கேள்வி வந்தா நீங்கதான் பொறுப்பு."

சகாயசெல்வி எழுதினாள். யாரையோ ஏமாற்றுகிற மாதிரி இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை. அடியில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

சுமலதா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "சகாயசெல்வி லூயிஸ்னு போட்டிருக்கீங்களேம்மா! அப்பா பேரு போடுங்க."

இன்னொரு தாள் வந்தது. முழுக்க எழுதி முடித்தாள். கை பழக்கத்தில் மறுபடியும் லூயிஸ் என்றே முடித்தது. "அய்யோ" என்றாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

லூயிஸ் எழுந்து வந்தார். "செல்வி, இங்க குடு" என்றார். மூன்றாவது தாளில், பேனா பிடித்திருந்த அவள் கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு, அவளுடைய அப்பாவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.