சிவப்பனும் பச்சையனும்

கொச்சி மட்டாஞ்சேரியில் வீடியோ கேம் கடை திறக்கப்போகிறேன் என்று வெங்கிட்டு சொன்னபோது பஜார் ரோட்டு மிளகு வியாபாரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எண்பத்தாறாம் வருஷம் அது. பம்பாயில் சில காலம் இருந்துவிட்டு வந்த மனுஷர். யார் பேச்சைக் கேட்பார்? காலியாகக் கிடந்த சுக்குக் கிடங்கு ஒன்றைப் பிடித்து, வெள்ளையடித்து, நாலு மெஷின்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வெள்ளையடித்தும் சுக்கு வாசனை மட்டும் போகவில்லை.

மூன்று மெஷின்களில் ஒற்றை ஆள் ஆட்டம். நாலாவதில் இரண்டு லிவர். திரையில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன், பச்சைச் சட்டைக்காரன் ஒருவன். இருவரும் சேர்ந்து காடு மலை தாண்டி ஒரு கோட்டைக்குப் போக வேண்டும். வழியெல்லாம் தொங்குபாலம். ஒருவன் இந்தக் கரையில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் மற்றவன் தாண்டலாம். தாண்டியவன் அந்தக் கரைச் சக்கரத்தைப் பிடித்து இவனைக் கூப்பிட வேண்டும். ஒற்றை ஆளாகவும் அதை ஆடலாம்தான். அப்போது பாலமே வராது, நேர்வழி. ஆனால் அப்படி ஆட ஒரு பயல் வரவேண்டுமே! பள்ளிக்கூடம் விட்டால் அத்தனை பேரும் ஜோடி சேர்ந்துகொண்டுதான் வருவார்கள். உன்னால்தானடா நான் செத்தேன் என்று மலையாளத்தில் ஒருவன் சட்டையை ஒருவன் பிடிப்பான். அடுத்த நிமிஷம் ஒரே கிளாஸ் எலுமிச்சை நாரங்காவெள்ளத்தை இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். கோட்டைவரை போனவர்கள் மட்டும் யாரும் இல்லை.

அவர்கள் முறுக்குகிற முறுக்கில் லிவர்கள் அடிக்கடி கெட்டுப்போயின. அதனால் தினமும் கடை திறப்பதற்கு முன்னால் யாராவது இரண்டு பேர் ஆடிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் கடையில் இருப்பது கூட்டித் துடைக்க வருகிற வீரலட்சுமி. பிறகு, கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை முடித்து, அவளோடு வீட்டுக்குப் போவதற்காக வாசலில் வந்து நிற்கிற அவள் புருஷன் இசக்கிமுத்து.

"இசக்கி, சும்மா நிக்கறதுக்கு அந்த லிவரைப் பிடியேன். லட்சுமி, நீ மத்ததைப் பிடி. எங்கயாவது இறுகுதான்னு பாத்துச் சொன்னா மதி, அது போதும்" என்றார் வெங்கிட்டு.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவனுக்குச் சிவப்பு, அவளுக்குப் பச்சை. சிவப்பன், பச்சையன் என்று பெயரும் வைத்தாயிற்று.

முதல் பாலத்திலேயே அவள் கத்தினாள். "நான் பிடிச்சிருக்கேன், நீங்க போங்க! போங்கன்னா!"

இசக்கிமுத்துவுக்குக் கை லிவரில் இருக்க, கண் கலங்கிவிட்டது. ஒரு வருஷத்துக்குமேல் ஆகியிருந்தது, அவள் அவனைப் பார்த்து இத்தனை வார்த்தை பேசி.

வீட்டில் அவர்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை இருந்தால் தேவலையே! சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், பாயை விரிப்பாள். அவன் கேட்டதற்கு உம் என்பாள். குழந்தை போன பிறகு அந்த வீட்டில் சத்தம் என்று இருந்தது பக்கத்து வீட்டு ரேடியோ மட்டும்தான்.

குழந்தைக்குப் பெயர் பிச்சைமணி. தலைப்பிள்ளை பிறந்த அன்றே தவறிப்போனதால், அடுத்ததைப் பிச்சையெடுத்து வாங்கிய பிள்ளை என்று பெயரிட்டால் எமனுக்கு இளப்பமாகிவிடும், தொடமாட்டான் என்று ஊர் வழக்கப்படி வைத்த பெயர். எமனுக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியவில்லை.

அப்போது அவள் தோப்பும்படியில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் வெள்ளென வேலைக்குப் போய்விட்டு வருவான். அவன் வந்ததும் வாசலில் வைத்தே பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் கிளம்புவாள். சாயங்காலம் அவள் வருவாள். புருஷனும் பெண்டாட்டியும் வாசற்படியில் பிள்ளையை மாற்றிக்கொள்கிற குடும்பம். அன்றைக்குப் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. "சூடு இருக்கு, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்கிறேன் என்று அவள் நினைத்தாள். நான் வருகிறவரை பார்த்துக்கொள், வந்து கூட்டிப்போகிறேன் என்கிறாள் என்று அவன் நினைத்தான். சாயங்காலம் அவள் உள்ளே வந்து, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டபோது அவன், "நீ வரட்டும்னுதான் இருந்தேன்" என்றான். அதற்குள் பிள்ளைக்கு இழுப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தபின் ஒரு நர்ஸ் வீரலட்சுமியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அம்மாவா நீ, பகல் முழுக்க எங்கே போயிருந்தாய், கண் அவிந்துபோயிற்றா என்று மலையாளத்தில் கொட்டித் தீர்த்தாள். வீரலட்சுமி ஒரு தடவை திரும்பி இசக்கிமுத்துவைப் பார்த்தாள். அவன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். பகல் முழுக்க வீட்டில் இருந்தது நான் என்று சொல்ல வாய்தான் திறந்தான், வார்த்தை வரவில்லை. அவள் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர்கள் சுக்குக் கிடங்கில் காலையில் கத்திய கத்தலைக் கேட்க வேண்டும். "பின்னால வாரான், பின்னால!" "குனியுங்க!" "ஏ புள்ள, நில்லு, நான் சக்கரத்தப் பிடிக்கட்டும்." ஒருதடவை சிவப்பன் தானாகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எதிர்க் கடையில் சாயா ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். ஆட்டம் முடிந்து இருவரும் தெருவில் இறங்கினால் பழையபடி அவன் முன்னால், அவள் பின்னால். பேச்சு மெஷினோடு அணைந்துவிடும். ஆனாலும் நாளைக் காலை என்று ஒன்று இருந்ததே, அது போதும் அவனுக்கு.

அந்த மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள். "வெள்ளிக்கிழம நான் தென்காசிக்குப் போறேன். மாயம்மாக்கா வீட்டுக்கு."

"எப்ப வருவ?"

ரசம் ஊற்றினாள். அலமாரியிலிருந்த அவள் சேலைகள் டிரங்குப் பெட்டிக்குப் போயிருந்ததை அவன் அப்போதுதான் பார்த்தான்.

போகாதே என்று சொல்ல வேண்டியதுதானே? சொன்னானா, மடையன்! சாமிக்கு நேர்ந்துகொள்கிறவனைப்போல அவன் மெஷினுக்கு நேர்ந்துகொண்டான். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பேரும் ஒன்றாகக் கோட்டையைப் பிடித்துவிட்டால் அவள் போகமாட்டாள். எந்தச் சாமி வந்து காதில் சொன்னதோ தெரியாது, அப்படியே நம்பினான்.

வியாழக்கிழமை காலை. அன்றைக்கு அவர்கள் ஆடியது வேறு ஆட்டம். அவள் கத்தக்கூட இல்லை. "ம்" என்றால் அவன் தாண்டினான், "வா" என்றால் அவள் தாண்டினாள். காடு போயிற்று, மலை போயிற்று, அதுவரை பார்த்தே இராத பாலங்கள் வந்தன. வெங்கிட்டு ஷட்டரைத் தூக்க மறந்து பின்னால் வந்து நின்றுகொண்டார். கடைசிப் பாலத்தில் பச்சையன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, சிவப்பன் தாண்டி, திரும்பிப் பச்சையனை இழுத்துக்கொண்டான். கோட்டைக் கதவு திறந்தது.

உள்ளே ஒரு சிம்மாசனம். ஒன்றே ஒன்று. திரையில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து வந்து நின்றது. சிவப்பன் ஒரு மூலைக்கும் பச்சையன் எதிர்மூலைக்கும் தாமாக நகர்ந்தார்கள்.

"என்ன சேட்டா எழுதியிருக்கு?" என்றான் இசக்கிமுத்து.

வெங்கிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. "இனி நீங்க ரெண்டு பேரும் தம்மில் சண்டை போடணுமாம். ஒருத்தருக்குத்தான் சிம்மாசனமாம். என்ன எழவு கேம் இது!"

இசக்கிமுத்து லிவரிலிருந்து கையை எடுத்துவிட்டான். "நான் அடிக்கமாட்டேன். நீ உக்காரு லட்சுமி" என்றான். அதைவிட அன்பாக ஒன்றைத் தான் வாழ்நாளில் செய்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அவள் முகம் மலரும் என்று திரும்பிப் பார்த்தான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. பச்சையன் மெதுவாக நடந்து வந்து சிவப்பனை ஒரு அடி அடித்தான். சிவப்பன் ஆடிப்போய் நின்றான். இன்னொரு அடி.

"அடிங்க" என்றாள்.

அவன் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான்.

"திருப்பி அடிங்கன்னேன்!" பித்தானை அவள் குத்திய குத்தில் மெஷினே ஆடியது. ஒவ்வொரு குத்துக்கும் அவள் உடம்பு குலுங்கியது. பச்சையன் அடித்துக்கொண்டே இருந்தான். சிவப்பன் வாங்கிக்கொண்டே இருந்தான். "ஏதாவது செய்யுங்க! ஒண்ணுமே செய்யாம இப்படியே நிக்கீயளே!"

சிவப்பன் விழுந்தான். பச்சையன் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்தான். மெஷின் கல்யாண பேண்டுபோல ஒரு பாட்டை வாசித்தது.

வீரலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரல் தணிந்திருந்தது. "அன்னைக்கும் இப்படித்தான் நின்னீய. அந்த நர்ஸு என்னய வையும்போது. நீயும்தானட்டி கூட்டிட்டுப் போயிருக்கலாம்னு என்னய ஒரு அறை அறஞ்சிருந்தாக்கூட நான் திருப்பிக் கேட்டிருப்பேன். அழுதிருப்போம். நீங்க நின்னீய, இவ்வளவு நாளும்."

வெங்கிட்டு பேச்சை மாற்றுவதற்காக, ஜெயித்தவர் பெயர் போடலாம் என்று மெஷின் கேட்கிறது என்றார்.

"பிச்சைமணின்னு போடுங்க சேட்டா" என்றாள்.

"மூணு எழுத்துதான் கொள்ளும் லட்சுமி."

"அவனுக்கும் மூணு வயசுதான. எது கொள்ளுமோ அதப் போடுங்க."

வெங்கிட்டு லிவரைத் திருப்பித் திருப்பி மூன்று இங்கிலீஷ் எழுத்துகளைப் போட்டார். அது மணிதானா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, துடைப்பத்தை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை படகில் எறணாகுளத்துக்குப் போய், பஸ் ஸ்டாண்டில் டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிக் கட்டியது இசக்கிமுத்துதான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்ப ஹாரன் அடித்தபோது குனிந்து, "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள்.

அவன் மனசில் ஒரு வண்டி வார்த்தை இருந்தது. "தண்ணி வாங்கியாரட்டா?" என்றான்.

வேண்டாம் என்று தலையசைத்தாள். பஸ் போய்விட்டது.

மறுநாள் வேலை முடிந்ததும் கால் பழக்கத்தில் அவனைக் கடைக்குத்தான் கொண்டுபோயிற்று. வெங்கிட்டு அப்போதுதான் மெயினைப் போட்டார். மெஷின் உயிர் பெற்று, ஜெயித்தவர்களின் பெயர்ப் பலகையைக் காட்டியது. இசக்கிமுத்துவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த மூன்று எழுத்தின் உருவம் தெரியும். தேடினான். இல்லை.

"மெயின் ஆஃப் பண்ணினா எல்லாம் அழிஞ்சுபோகும் இசக்கி" என்றார் வெங்கிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல். "அன்னைக்கு அவகிட்ட சொல்ல எனக்கு நாக்கு எழும்பல."

அவன் தலையாட்டினான். சிவப்பு லிவரைப் பிடித்துக்கொண்டான். பச்சை லிவர் வெறுமனே நின்றது.

"ஒத்தையா ஆடேன்" என்றார் வெங்கிட்டு. "நேத்து நான் ஆடிப் பாத்தேன், பாலம் ஒண்ணும் வராது. கடைசில அந்தச் சண்டையும் கிடையாது. நேரா சிம்மாசனந்தான்."

"வேண்டாம் சேட்டா, எனக்கு அந்தச் சண்டைதான் வேணும்."

இரண்டு பேர் ஆடுகிற பித்தானை அழுத்தினான். சிவப்பனும் பச்சையனும் காட்டு வழியில் வந்து நின்றார்கள். சிவப்பன் நடந்தான், பச்சையன் நடக்கவில்லை. சிவப்பன் திரும்பி அவனருகே போய் நின்றான்.

"நீயும்தானட்டி கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்றான் இசக்கிமுத்து, திரையைப் பார்த்து. முதலில் மெதுவாக. பிறகு, தெருவுக்குக் கேட்கும்படி. "நானும் போயிருக்கலாம். பகல் முழுக்க நான்தான் இருந்தேன். நான்தான் வீட்ல இருந்தேன், லட்சுமி!"

பச்சையன் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். என்ன சொன்னாலும் அப்படியே நின்றான். தன்னோடு இருந்த இத்தனை நாளும் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இசக்கிமுத்துவுக்கு அப்போதுதான் தெரிந்தது.