கனகேஸ்வரிக்கு விருப்பமானது

"மெல்ல மிதியுங்கோ அண்ணை. வெயில் ஏற ஏற உள்ளுக்கை இருக்கிற காத்து ஊதும். இப்பவே இறுக்கி அடிச்சியள் எண்டா மத்தியானத்துக்கு வெடிச்சிடும்."

செலஸ்ரீனா இப்படிச் சொன்னதும் ஜெயரட்ணம் பம்பிலிருந்து காலை எடுத்தார். ரப்பர் படகு அரைகுறையாக உப்பி ஏரிக்கரைப் புல்லில் கிடந்தது. அது அவருடைய மனைவி கனகேஸ்வரியின் படகு. பலேர்மோ நகரின் சீசாப் பகுதியிலுள்ள அவர்களுடைய வீட்டு பல்கனியில் ஐந்து வருடமாக இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த அதை, சந்தைக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டியில் கட்டி, காலைப் பஸ்ஸில் ஏற்றி, மலைக்கு மேல் இருக்கும் இந்த அணைக்கட்டு ஏரிக்கு அவரே இழுத்து வந்திருந்தார். கனகேஸ்வரி இறந்து அன்று எட்டாம் நாள்.

வேலை செய்யும் வீட்டில் சேர்ட்டுகளை அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாள். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்து போய்ச் சேர்ந்தாள். தகனமும் முடிந்துவிட்டது. இனி எட்டுச்செலவு. இறந்தவருக்கு விருப்பமான சாப்பாடுகளையெல்லாம் சமைத்து, விளக்கேற்றும் நேரம் இலை போட்டுப் படைக்க வேண்டும்.

அதில்தான் ஜெயரட்ணம் மாட்டிக்கொண்டார். முந்தின நாள் பின்னேரம் அவருடைய தங்கை குகனேஸ்வரி குசினியில் நின்றபடி, "அண்ணை, மச்சாளுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டாள். சாதாரணக் கேள்விதான். ஜெயரட்ணம் யோசித்துப் பார்த்தார். நண்டுக்கறி? அது அவருக்கு விருப்பம். கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு? அதுவும் அவருக்குத்தான். பொலோஞ்ஞாவில் படிக்கும் மகள் கேசிகா சாவுக்கு வந்து நின்றாள். "பாஸ்தா அல் ஃபோர்னோ?" என்று தொடங்கியவள், "அது எனக்கெல்லோ" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

அவர் ஒரு ரெஸ்ரோரன்ரின் சமையலறையில் இருபது வருடமாக வேலை செய்கிறார். ஆறாம் மேசைக்கு வரும் வக்கீலுக்கு உள்ளி ஆகாது என்பது தெரியும். சனிக்கிழமைகளில் வரும் கிழவி மீனின் தலையைத்தான் கேட்பாள் என்பதும் தெரியும். கனகேஸ்வரி வீட்டில் கடைசி ஆளாக, நின்றுகொண்டே, மிஞ்சியதைச் சாப்பிடுவாள். மிஞ்சியதுதான் அவளுக்கு விருப்பம் என்று அவர் நினைத்திருந்தார் என்று சொல்வதற்கும் இல்லை, ஏனென்றால் அதைப்பற்றி அவர் நினைத்ததே இல்லை. தங்கை பதிலுக்காகப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவருக்குக் காது சுட்டது. அந்த வெட்கத்தில்தான் வாய் உளறியது.

"மீன். அந்த ஏரி மீன்."

"ஏரி மீனுக்கு நான் எங்கை போறது? சந்தையிலை விக்காதே."

"நான் பிடிச்சுக்கொண்டு வாறன்."

"சாவுத் துடக்கோடை மீன் பிடிக்கப் போறியளோ?" என்று குகனேஸ்வரி வாயில் கைவைத்தாள். அவர் அதற்குள் போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விட்டார்.

கனகேஸ்வரிக்கு மீன்பிடிப் பைத்தியம் என்பது பலேர்மோத் தமிழர் எல்லாருக்கும் தெரிந்த பகிடி. அவள் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா, செத்துப்போன தன் புருசனின் தூண்டில்களையும் படகையும் குப்பையில் போடச் சொல்ல, இவள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அந்தக் கட்டடத்தின் படிகளைக் கழுவும் செலஸ்ரீனா முல்லைத்தீவுப் பக்கத்துக் கடற்கரைக்காரி. இரண்டு பேருக்கும் வியாழன் பின்னேரம் லீவு. வியாழன் வந்தால் ஏரிதான். ஒருநாளும் ஒரு மீன்கூட வீட்டுக்கு வந்ததில்லை. "இவ மீனுக்குச் சாப்பாடு குடுக்கப் போறவ" என்று ஜெயரட்ணம் சிநேகிதர்களுக்குச் சொல்லிச் சிரிப்பார். கனகேஸ்வரியும் கூடச் சிரிப்பாள்.

இப்போது அவரே அந்தப் படகில் ஏறினார். ஏரிக்கு ஒருக்காக் கூட்டிப்போக முடியுமா என்று மட்டும்தான் செலஸ்ரீனாவிடம் கேட்டிருந்தார். சாகும்வரை அக்கா வந்த இடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார் மனுசன் என்று நினைத்து அவளும் ஒரு நாள் வேலையை விட்டு வந்திருந்தாள்.

"நடுவிலை இருங்கோ. எழும்பக்கூடாது. துடுப்பைப் படகிலை இடிச்சுப்போடாதேங்கோ, சத்தம் தண்ணிக்குள்ளாலை போய் மீனைக் கலைச்சிடும்."

"காத்து அங்காலை இருந்தெல்லோ அடிக்குது, இந்தப் பக்கம் போனா லேசு" என்றார் ஜெயரட்ணம்.

"போகேக்கை காத்துக்கு எதிராத்தான் போகவேணும். வரேக்கை கை களைச்சிருக்கும், காத்தே கரையிலை கொண்டுவந்து விடும். மறுவளமாப் போன ஒரு இத்தாலிக்காரன் பொழுதுபடுமட்டும் அந்தக் கரையிலை நிண்டு கத்தினவன்."

தண்ணீருக்குள் மூழ்கிப்போன மரங்களின் உச்சிக் கிளைகள் தெரிந்த இடத்தில் அவள் நங்கூரம் போட்டாள். நங்கூரம் என்றது ஒரு வெங்காயப் பைக்குள் கட்டிய இரண்டு கல். ஜெயரட்ணம் தூண்டிலின் முள்ளில் ரப்பர் புழுவைக் கொளுவ, அவள் வாங்கிக் கழற்றினாள். முள்ளின் நுனியை வெளியே விடாமல் புழுவின் உடம்புக்குள்ளேயே திருப்பிப் புதைத்தாள். நுனி வெளியே இருந்தால் முதல் எறியிலேயே கிளையில் மாட்டும் என்றாள். புழுவுக்கு முன்னால் ஒரு சின்ன ஈயக்குண்டு. அவ்வளவுதான் சாமான்.

"எறிஞ்சு போட்டு சும்மா இருங்கோ. அது தானா அடியிலை போய் இருக்கட்டும். பிறகு தடியைக் கொஞ்சம் உயத்தி, பதிச்சு, நூலைச் சுத்துங்கோ. திருப்பியும் சும்மா இருங்கோ."

"எவ்வளவு நேரம்?"

"உங்களுக்கு அலுப்படிக்கும் எல்லோ, அதுக்குப் பிறகும் கொஞ்ச நேரம்."

மீனைப்பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்திருந்தவர் அவர். ஆனால் அவர் கண்டதெல்லாம் ஐஸ் பெட்டியில் வரும் மீன். தடியின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தடியைப் பாக்காதேங்கோ. தங்கூசி நூலைப் பாருங்கோ. அது பக்கவாட்டிலை நகருது பாருங்கோ… எடுத்திட்டுது!"

அவர் வெடுக்கென்று இழுத்தார். பாதிப் புழுதான் திரும்பி வந்தது. தளர்ந்த நூலைச் சுற்றி எடுத்துவிட்டு இழுக்க வேண்டும் என்றாள் செலஸ்ரீனா. இரண்டாவது மீன் நன்றாகவே மாட்டியது. அது தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறியது, இவர் சந்தோசத்தில் தடியைத் தலைக்கு மேலே தூக்கினார், முள்ளைத் துப்பிவிட்டு மீன் போய்விட்டது.

"துள்ளேக்கை தடியைத் தண்ணிப் பக்கம் பதிக்க வேணும் அண்ணை. கனகேசக்காவுக்கும் முதல் வருசம் இப்பிடித்தான். எத்தினை போச்சுது தெரியுமே?"

"பிறகு பிடிச்சவவோ?"

"பிறகோ?" என்று செலஸ்ரீனா அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "போன வியாழக்கிழமைக்கு முதல் வியாழன் ஏழு."

ஜெயரட்ணம் அடுத்த புழுவைக் கொளுவினார். இந்தமுறை நுனியைச் சரியாகப் புதைத்தார். மூன்றாவது மீன் உச்சி வெயிலில், நிழல் விழுந்த ஒரு கிளையடியில் எடுத்தது. அவர் நூலைச் சுற்றி, இழுத்து, அது துள்ளியபோது தடியைப் பதித்து, படகுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார். பச்சை முதுகு, பக்கத்தில் கரிய பட்டை, உடம்புக்குப் பொருந்தாத பெரிய வாய். ஒன்றரைக் கிலோ வரும். எட்டு நாளில் முதல் தடவையாக அவருக்குச் சந்தோசமாக இருந்தது.

"கீழ்ச்சொண்டைப் பெருவிரலாலை பிடியுங்கோ. பல்லுக் கடிக்காது, அரம் மாதிரித்தான் இருக்கும். நேரே தூக்குங்கோ. சரிச்சுப் பிடிச்சா பாரத்திலை தாடை உடைஞ்சிடும்."

"உடைஞ்சா என்ன, சமைக்கத்தானே போறம்."

"சமைக்கவோ?"

"படையலுக்கு. இண்டைக்கு எட்டுச்செலவெல்லோ. அவவுக்கு விருப்பமானது வைக்க வேணும்."

செலஸ்ரீனா துடுப்பை மடியில் வைத்தாள். "அண்ணை, நாங்கள் பிடிக்கிறதை எல்லாம் திருப்பி விட்டிடுவம். ஒருக்கா என்ரை வீட்டிலை சமைச்சுப் பாத்தனாங்கள். சேறு மணக்குது எண்டு அக்கா ஒரு வாயோடை வைச்சிட்டா."

ஜெயரட்ணத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. மீனின் மேல், செலஸ்ரீனாவின் மேல், பிடித்ததைப் பிடித்தேன் என்று ஒருநாளும் சொல்லாமல் அவருடைய பகிடிக்குக் கூடச் சேர்ந்து சிரித்தவளின் மேல். கையில் தொங்கிய மீனுக்கு வாய் திறந்து திறந்து மூடியது. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப அவவுக்கு என்னதான் விருப்பம்?"

கேட்டு முடித்ததும், வெளியாள் ஒருத்தியிடம் கேட்கும் கேள்வியா இது என்று அவருக்கு உறைத்தது. செலஸ்ரீனா சிரிக்கவில்லை.

"முதல் அதை விடுங்கோ, பாவம். எறியாதேங்கோ. தண்ணிக்கை பிடிச்சுக்கொண்டிருங்கோ, தானா உதறிக்கொண்டு போகும்."

அவர் குனிந்து மீனைத் தண்ணீருக்குள் பிடித்தார். அது கொஞ்ச நேரம் அவர் கையிலேயே நின்றது. பிறகு ஒரு உதறலில் கீழே போனது.

"பானி கா மேவுசா" என்றாள் செலஸ்ரீனா. "ஏரியாலை போகேக்கை போர்கோ வெக்கியோச் சந்தையிலை இறங்கி ஆளுக்கொண்டு வாங்கித் திண்டிட்டுத்தான் வீட்டை போவம். வியாழக்கிழமை மீனுக்காக வாறாவோ அதுக்காக வாறாவோ எண்டு எனக்கே சந்தேகம்."

ஜெயரட்ணம் கையைக் காற்சட்டையில் துடைத்தார். மாட்டு மண்ணீரலை அவித்து, பன்றிக் கொழுப்பில் பொரித்து, பாணுக்குள் வைத்துக் கொடுப்பது அது. அவர்கள் சைவ சமய வீட்டுக்காரர். ஆடு, கோழி, மீன் எல்லாம் உண்டு, மாடு மட்டும் படலைக்குள் வராது. கனகேஸ்வரி வெள்ளிக்கிழமைகளில் முட்டை பொரித்த சட்டியைக்கூடத் தொடமாட்டாள். அந்தக் கனகேஸ்வரி வியாழன்தோறும் சந்தையில் நின்று மண்ணீரல் பாண் சாப்பிட்டிருக்கிறாள்.

திரும்பும்போது செலஸ்ரீனா சொன்னபடியே காற்று கரையில் கொண்டுவந்து விட்டது.

பின்னேரம் படகை செலஸ்ரீனாவோடு அனுப்பிவிட்டு அவர் தனியாகப் போர்கோ வெக்கியோவுக்கு நடந்தார். தள்ளுவண்டிக்காரன் சரித்து வைத்த சட்டியில் கொழுப்பு பொரிந்துகொண்டிருந்தது. அவன் பாணைப் பிளந்து கையில் வைத்தபடி, தலையை நிமிர்த்தாமல் கேட்டான்:

"ஸ்கெத்தா ஓ மரித்தாத்தா?"

கலியாணம் கட்டாததா, கட்டியதா என்று அர்த்தம். எலுமிச்சை என்கிற தேசிக்காய்ப் புளி மட்டும் விட்டால் கட்டாதது, மேலே சீஸ் போட்டால் கட்டியது. இந்த ஊரில் இத்தனை வருடமாக அவர் கேட்டுச் சிரித்த கேள்விதான். இன்றைக்கு அதற்கும் பதில் தெரியவில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள். ஒதுங்கி நின்று செலஸ்ரீனாவுக்குப் போன் எடுத்தார்.

"ஸ்கெத்தா" என்றாள் அவள் உடனே. பிறகு கொஞ்சம் நிறுத்தி, "பிழையா நினைக்காதேங்கோ அண்ணை. அக்காவுக்குச் சீஸ் வாயிலை வைக்கேலாது, அதுதான்."

ஜெயரட்ணம் கிழமைக்கொருக்கா ரெஸ்ரோரன்ரிலிருந்து நல்ல சீஸ் துண்டுகளைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து கனகேஸ்வரியின் கையில் கொடுப்பார். அவளும் வாங்கி பிரிட்ஜில் வைப்பாள். வாங்கும்போது அவளுடைய முகம் எப்படி இருந்தது என்று யோசித்தார், ஞாபகம் வரவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அந்தச் சந்தை நடுவில் நின்று அழுதார். சட்டிப் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்த வண்டிக்காரன் ஒரு கடதாசித் துவாயை எடுத்து நீட்டினான்.

வீட்டில் வாழையிலை போட்டாயிற்று. குகனேஸ்வரி விடியவே எழும்பிச் சமைத்திருந்தாள். நண்டுக்கறி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, அவித்த முட்டை.

"மீன் எங்கை அண்ணை?"

"இதெல்லாம் எனக்கு விருப்பமானதெல்லோ" என்றார் அவர் இலையைப் பார்த்து.

"மச்சாள் எப்பவும் இதைத்தானே சமைப்பா?"

ஜெயரட்ணம் குந்தியிருந்து கடதாசியைப் பிரித்தார். எண்ணெய் ஊறிய பாண். வாசம் அறை முழுக்கப் பரவியது, மூலையில் இருந்த கேசிகா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னது உது?" என்றாள் குகனேஸ்வரி.

"பாண். உள்ளுக்கை மாட்டு மண்ணீரல். பன்றிக் கொழுப்பிலை பொரிச்சது. அவவுக்கு இதுதான் விருப்பமாம். வியாழக்கிழமையிலை சாப்பிடுறவவாம்."

குகனேஸ்வரியின் முகம் சிவந்தது. சண்டை ஒன்று வரப்போகிறது என்று கேசிகா எழுந்தாள். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்றாள் குகனேஸ்வரி. "இத்தினை வருசம் ஒரு குசினிக்கை நிண்டனாங்கள்."

"எனக்கும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை."

குகனேஸ்வரி குனிந்து, ஆட்டிறைச்சிக் கோப்பையையும் நண்டுக்கறியையும் ஓரத்துக்குத் தள்ளி, இலையின் நடுவில் இடம் விட்டாள். ஜெயரட்ணம் பாணை வைத்தார். சாம்பிராணி காட்டினார்கள். இறந்தவர் தனியாக இருந்து சாப்பிட வேண்டும் என்று எல்லாரும் வெளியே வந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒடுங்கிய நடையில் நின்றார்கள். கீழே பஸ் ஒன்று நின்று போனது.

குகனேஸ்வரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"உறைப்பு ஒண்டும் இல்லாமல் அதை எப்பிடி அண்ணை சாப்பிட்டவ?"

"தேசிக்காய்ப் புளி விட்டு" என்றார் ஜெயரட்ணம் உடனே.