ஒன்பதடிக்குக் கீழே

வீரணனுக்கு ஊருக்குள் நல்ல பேர் கிடையாது. எழுபத்தாறு வயசு வரைக்கும் ஒரு மனுஷன் நல்ல பேர் வாங்காமல் காலந்தள்ளுவது லேசுப்பட்ட காரியமில்லை. ரேஷன் கடைக்காரன் எடை போடும்போது குனிந்து தராசுக்கு அடியில் பார்க்க வேண்டும். பூசாரி திருநீறு கொடுத்தால் மோந்து பார்க்க வேண்டும். ஊசி போட வந்த நர்ஸம்மாவிடம், மூணாங் கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு, "மருந்துச் சீசாவைக் காட்டு, காலாவதி ஆயிருச்சான்னு பாப்போம்" என்று கேட்க வேண்டும். இத்தனையும் அவர் ஒரு நாள் தவறாமல் செய்து வந்தார்.

பள்ளத்தூருக்குத் தெற்கே மூணு கல் தொலைவில் நெடுவயல்பட்டி அவர் ஊர். அங்கே போர் போட்டால் உப்புத் தண்ணிதான் வரும். குழாய்த் தண்ணி நாலு நாளைக்கு ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஊரைக் காப்பாற்றி வந்தது ஊருணிதான். மழைத் தண்ணியைப் பிடித்து வைத்துக் குடிக்க மட்டும் என்று பாட்டன் காலத்தில் வெட்டினது. அதில் கால் கழுவக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. வீரணன் பெண்சாதி சோணையம்மாள் ஊருணித் தண்ணி இல்லாமல் உலை வைக்க மாட்டாள். போர்த் தண்ணியில் துவரம்பருப்பு ரெண்டு மணி நேரம் கொதித்தாலும் சரளைக்கல் மாதிரிக் கிடக்கும்.

அந்த ஊருணிக்குத்தான் கேடு வந்தது. கெட்டவன் கையால் வந்திருந்தால் தடுத்திருக்கலாம். நல்லவர்கள் கையால் வந்தது.

கதிரவன் துபாயில் பத்து வருஷம் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன். வந்ததும் ஊரைத் திருத்தக் கிளம்பிவிட்டான். இருபது பேரைச் சேர்த்துக் குழு ஒன்று, எல்லோருக்கும் பச்சைப் பனியன், முதுகில் ஒரு மரத்தின் படம். அந்தப் பனியன் போட்டவர்களில் ஒருத்தன்கூட மரம் வைத்தவனில்லை. குழு கூடி, ஊருணியை ஆழப்படுத்துவது என்று முடிவெடுத்தது. ஒன்பதடி ஆழம் இருக்கிறது, இருபதடி ஆக்கினால் ரெண்டு மடங்குக்கு மேல் தண்ணி நிற்கும். கணக்கு எவ்வளவு சுலபம் பாருங்கள். ஆனி மாசம் ஜேசிபி வந்து இறங்கியது.

"போயி நயமாச் சொல்லுங்க" என்றாள் சோணையம்மாள். "ஒங்க வாயிலருந்து நயம் வராது. இருந்தாலும் இன்னைக்கு ஒரு நாளைக்கு வரவழைச்சுக்கங்க. ஊருணி போச்சுன்னா நான் ஒலை வைக்க எங்குட்டுப் போறது?"

நயமாகத்தான் போனார். கரையில் பந்தல் போட்டு, மைக் வைத்து, கதிரவன் பேசிக்கொண்டிருந்தான்.

"நம்ம முன்னோர்கள் ஒரு சொட்டுத் தண்ணியக்கூட வீணாக்கலை. இயற்கையைத் தாயா மதிச்சாங்க. நாமதான் எல்லாத்தையும் வீணாக்கிட்டு நிக்கிறோம்."

வீரணனின் நயம் அந்த இடத்தோடு முடிந்தது.

"எவன்டா சொன்னது? எங்கப்பன் கண்மாய்க்கரை ஆலமரம் மூணை வெட்டிச் சூளைக்குப் போட்டவன். செட்டியார் வீட்டுக்குள்ள போயி அண்ணாந்து பாரு, பர்மாக் காட்டுல பாதி உத்தரமாப் படுத்துக் கெடக்கு. சுவத்துக்குப் பூச ஆயிரம் ஆயிரமாக் கோழிமுட்டைய ஒடைச்சு ஊத்துனாக. அந்தச் சுவத்தைப் பூசுன கொத்தன் வீட்டுப் பிள்ளை முட்டைத் தோட்டைத்தான் பாத்துச்சு. இவுகளா ஒனக்குத் தாயை மதிச்சவுக?"

கூட்டம் சிரித்தது. கதிரவனுக்கும் சிரிப்புத்தான்.

"சரி பெரியப்பு. இப்ப என்ன சொல்ல வாரீக?"

"ஒன்பதடிக்குக் கீழ போகாத. அடியில கெடக்கிறது களிமண்ணு. அதுதான் தண்ணியத் தாங்குது. அதுக்குக் கீழ பொருபொருன்னு மணலு. பஞ்சத்து வருஷம் நாங்க தூர் எடுத்தப்ப ஒரு எடத்துல கடப்பாரை எறங்கிருச்சு. ஊத்துன தண்ணி போன எடம் தெரியலை. காலால மிதிச்சு மிதிச்சு அடைச்சோம்."

"முன்னோர் யோக்கியமில்லைன்னு இப்பத்தான சொன்னீக? அப்புறம் அவுக வெட்டுன ஒன்பதடிய மட்டும் நாங்க ஏன் நம்பணும்?"

பந்தலில் விசில் பறந்தது. வீரணன் அசரவில்லை.

"அவுக நல்லவுகன்னு நம்பச் சொல்லலை. பயந்தவுக. பயந்தவன் சும்மா ஒன்பதடியில நிறுத்த மாட்டான். ஒன்னைய மாதிரி நல்லவனுகளுக்குத்தான் பயம் கெடையாது."

"பெரியப்பு எதைத்தான் நல்லதுன்னு சொல்லியிருக்கீக? தடுப்பூசி போட்டா மலடாயிரும்னீக. ரோடு போட்டா திருடன் வருவான்னீக. கேஸ் அடுப்பு வெடிச்சுரும்னீக. ஒங்க வீட்டுல ரெண்டு சிலிண்டர் நிக்குது."

ஐம்பது வருஷமாக எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனுஷன், உண்மையான ஒன்றைச் சொல்ல வந்த அன்றைக்கு, அதுவும் பழைய கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. "தோண்டுங்கடா! தோண்டி அதுக்குள்ளயே படுங்க!" என்று கத்திவிட்டு வந்தார். நயம் இப்படித்தான் முடிந்தது.

ஜேசிபி இருபதடி தோண்டியது. பதினோராம் அடியில் மணல் பொலபொலவென்று வந்தபோது, "பாத்தீகளா, ஊத்துக்கண்ணு தொறந்திருச்சு" என்று பச்சைப் பனியன்கள் கை தட்டின. அள்ளின களிமண் அத்தனையும் லாரி லாரியாகப் போய், ரோட்டோரத்தில் புதிதாகப் பிளாட் போட்ட இடத்தில் பள்ளம் நிரப்பியது.

ஐப்பசியில் ஒரே ராத்திரியில் ஊருணி நிரம்பியது. மேலே குட்டி விமானம் பறக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். "கடல் மாதிரி இருக்கு" என்றார்கள். கடலைப் பார்த்தவன் இப்படிச் சொல்ல மாட்டான்.

பதினோராம் நாள் அடிமணல் தெரிந்தது.

தண்ணி இறங்க ஆரம்பித்தபோது முதலில் வெயில் குடிக்கிறது என்றார்கள். அடைமழைக் காலத்தில் ஏது அந்த வெயில்? அப்புறம் பக்கத்து ஊர்க்காரன் லாரியில் திருடிக்கொண்டு போகிறான் என்று சொல்லி நாலு நாள் காவல் போட்டார்கள். காவலுக்குப் போனவர்கள் சீட்டு விளையாடினார்கள். தண்ணி அவர்கள் காலடியிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் வீரணனுடைய கரிநாக்குத்தான் காரணம் என்று ஒருமனதாக முடிவானது. தங்கள் தலைக்குள் இருக்கிற ஓட்டையைத் தவிர எல்லா ஓட்டையையும் தேடினார்கள்.

அதோடு விட்டார்களா? குழுவுக்குப் பணம் அனுப்பின வெளிநாட்டுக்காரர்களுக்கு நிரம்பின ஊருணியை மாசா மாசம் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். அதற்காகக் கரையிலேயே அறுநூறு அடிக்குப் போர் போட்டார்கள். மோட்டார் விடாமல் ஓடியது. கீழே கிடந்த உப்புத் தண்ணியை மேலே ஏற்றி ஊருணியில் விட, அது மணல் வழியாகத் திரும்பக் கீழே போக, மறுபடி மேலே ஏற்ற. இப்படி ஒரு வேலையை வீரணனின் அப்பன் காலத்தில் பைத்தியம்கூடச் செய்திருக்காது. பைத்தியத்துக்கு அவ்வளவு கரண்டு கிடைத்திருக்காது என்பதுதான் காரணம்.

வீரணன் அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். தினமும் கரைக்குப் போவார். மோட்டார் பக்கத்தில் நின்று, "கடல் எப்படிடா இருக்கு?" என்று கேட்பார். திரும்பி வந்து வயிறாரச் சாப்பிடுவார்.

மோட்டார் இழுத்த இழுப்பில், அதுவரை சமையலுக்குக் கைகொடுத்த பக்கத்துக் கிணறுகளும் தை மாசம் வற்றின. ஒருநாள் சோணையம்மாள் அவர் முன்னால் தட்டை வைத்தாள். சோறு மேல் பருப்பு, வேகாமல், ஒவ்வொன்றும் தனித்தனியாக.

"என்னடி இது?"

"பருப்பு. மத்தியானத்துலருந்து வெந்துக்கிட்டிருக்கு."

"நான் சொன்னேனில்ல, அந்தப் பயலுக..."

"சொன்னீக. நீங்க சொன்னதுதான் சரி. ஊரே ஒத்துக்கிருச்சு. இந்தா, அந்தச் சரியை ஊத்தி வேக வைக்க முடியுமான்னு பாருங்க."

வீரணன் ஒரு பருப்பைக் கடித்தார். பல்லில் பட்டுத் தெறித்தது. இருக்கிற பல்லே ஏழு. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கதிரவன் வீட்டுக்குப் போனார்.

கதிரவன் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இவரைக் கண்டதும் முகம் சுண்டிப்போனது. திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றான்.

வீரணனுக்கு நாக்கு நுனியில் நாற்பது வார்த்தை நின்றது. அத்தனையும் நல்ல வார்த்தைகள், மாசக்கணக்கில் செதுக்கி வைத்தவை. ஒவ்வொன்றாக விழுங்கினார். சாணத்தை விழுங்குவது மாதிரி இருந்தது.

"தம்பி, மோட்டாரை நிறுத்தச் சொல்லு. ஊருணிய அடைக்கலாம்."

"எப்படி பெரியப்பு? கோயமுத்தூர்லருந்து பிளாஸ்டிக் ஷீட்டு வாங்கி அடியில விரிக்கலாம்னு..."

"அதுல எலி ஓட்டை போடும். கண்மாய் வயித்துல களி கெடக்கு. சித்திரையில காஞ்சதும் அள்ளிப் போடு. முதல்ல நீ தோண்டுன குழிய மண்ணால தூத்து, அதுக்கு மேல ரெண்டு அடி களி. நனைச்சு ஆட்டு மந்தையக் கெடை போடணும். ஐநூறு ஆடு பதினஞ்சு நா மிதிச்சா இரும்பா எறுகிரும். இதை எந்த எந்திரமும் செய்யாது. எந்திரத்துக்குக் குளம்பு கெடையாது."

"ஊருணிக்குள்ள ஆடா? குடிக்கிற தண்ணியில்ல?"

"இப்ப எந்தத் தண்ணியக் குடிக்கிற? கேன் தண்ணி. அது எந்தக் குழியிலருந்து வருதுன்னு ஒனக்குத் தெரியுமா? முதல் மழைத் தண்ணிய எறைச்சு வெளிய விட்டுட்டு, ரெண்டாம் மழையக் குடி. செத்துர மாட்ட."

கதிரவன் தலை குனிந்தபடி, "சரி" என்றான்.

"இன்னொண்ணு. தண்ணி நின்ன பெறகு ஊருணியில மோட்டார் எறங்கக் கூடாது, குழாய் போகக் கூடாது. குடத்துல மொண்டு தூக்குறவன் குடிக்கலாம்."

"எந்தக் காலத்துல இருக்கீக? சனங்க எப்படித் தூக்குவாக?"

"தூக்கத்தான் செய்யணும். அந்தக் காலத்துல மிச்சம் வச்சான்னா அவன் உத்தமன்னு அர்த்தமில்லடா. தோள்பட்டை வலிச்சுச்சு, வச்சான். சுவிட்சைத் தட்டுற வெரலு வலிக்குமா? இதுக்கு ஒத்துக்கிட்டா ஆட்டுக்காரக் கீதாரிகிட்ட நான் பேசுறேன். இல்லாட்டி நீ ஷீட்டு வாங்கு."

ஒத்துக்கொண்டான். வேறு வழி இல்லாதவன் ஒத்துக்கொள்வதில் என்ன பெருமை?

சித்திரையில் ஆடு மேய்க்கிற கீதாரி முத்துக்கருப்பன் தன் கிடையை ஊருணிக்குள் இறக்கினான். ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு கரையில் நின்றது. வார்டு மெம்பர் பாண்டீஸ்வரி, "புழுக்கைத் தண்ணியக் குடிக்கவா ஓட்டுப் போட்டோம்?" என்று கேட்டாள். "ஓட்டு வாங்குனது நீ, போட்டது நாங்க" என்றார் வீரணன். பகலெல்லாம் ஆட்டைச் சுற்றிச் சுற்றி விரட்டினார்கள். பதினெட்டாம் நாள் வீரணன் இறங்கி, கடப்பாரையை ஓங்கிக் குத்தினார். நங்கென்று கைக்குத் திரும்பி வந்தது.

ஆவணியில் ஒரு மழை பெய்தது; இறைத்து வெளியே விட்டார்கள். ஐப்பசி மழையில் ஊருணி நிரம்பியது. பன்னிரண்டு நாள் கழித்தும் நாலாம் படியில் நின்ற தண்ணி நாலாம் படியிலேயே நின்றது. மறுநாளே கரையில் பிளக்ஸ் வைத்தார்கள். 'முன்னோர் வழியில் மீட்டெடுத்தோம்' என்று போட்டு, கதிரவன் அந்தப் படத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றான். ஒரு ஓரத்திலாவது ஒரு ஆட்டின் படம் போட்டிருக்கலாம். நன்றி தெரிந்த கூட்டமா அது?

குடத்துச் சட்டத்தை மட்டும் பாண்டீஸ்வரி மீற விடவில்லை. அவள் வீட்டுக்கு ஊருணி பத்தடி தூரம். சட்டத்தில் நியாயம் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

வீரணன் வீடு தெற்குக் கடைசி, ஊருணிக்கு ரொம்பத் தூரம். தண்ணி மொள்ளத் தொடங்கிய நாலாம் நாள் காலையில் சோணையம்மாள் ரெண்டு குடத்தையும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"முழங்கால் வீங்கியிருக்கு. படி எறங்க முடியலை."

"அதுக்கு?"

"சட்டம் போட்டது நானா?"

ஊருணிப் படியில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். குடத்தோடு வந்த வீரணனைக் கண்டதும் பேச்சு நின்று சிரிப்புக் கிளம்பியது.

"மாமா, தோள்ல வேணாம். இடுப்புல வைங்க, இன்னும் எடுப்பா இருக்கும்" என்றாள் பாண்டீஸ்வரி.

"ஒன் புருஷன் வந்தா அவன் இடுப்பைப் பாரு" என்றார். இருந்தாலும் காது சிவந்துபோனது.

முதல் நடை போய் வந்தார். ரெண்டாம் நடையில் வழியில் ரெண்டு இடத்தில் இறக்கி வைத்தார். மூணாம் நடையில் குடத்தை முக்கால்தான் மொண்டார். வீட்டுக்குள் நுழையும்போது சோணையம்மாள் அரிசி களைந்த தண்ணியை வாசல் புழுதியில் சளீரென்று கொட்டினாள்.

வீரணனுக்கு உச்சியில் ஏறியது. "ஏண்டி, கண்ணு அவிஞ்சு போச்சா? ஒரு செம்புத் தண்ணி! சட்டியில வச்சா மாட்டுக்காவது ஆகும். எங்கருந்து தூக்கிட்டு வாரேன் தெரியுமா?"

சோணையம்மாள் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"ஐம்பத்து ரெண்டு வருஷமாக் களைஞ்சு இந்த எடத்துலதான் கொட்டுறேன். அத்தனை வருஷமும் நான்தான் தூக்குனேன். ஒரு நாளாவது கேட்டிருக்கீகளா?"

வீரணன் குடத்தை மெல்ல இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்த எண்ணெயை எடு" என்றார். "தோள் விண்ணுவிண்ணுங்குது."

"நீங்களே எடுத்துக்கங்க. என் காலு வீங்கியிருக்குன்னு சொன்னேனில்ல."