கேரியர் மேல் ஒரு சதுரம்

2008 ஜூலை 12, சனிக்கிழமை காலை, புதுச்சேரி நேரு வீதியில் மின்சாரம் இல்லை. கடைக்குள் இருட்டாக இருந்ததால் கடைக்காரர் ராமலிங்கம் கேமராவை வாசலுக்கே எடுத்துவந்தார்.

கேமரா வாங்க வந்த ஆனந்தராஜ் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கன்னியாகுமரி வரை சைக்கிளில் குலுங்கினாலும் கெட்டுப்போகக் கூடாது. பெட்டிக்கடையில் கிடைக்கிற பென்சில் பேட்டரியில் ஓட வேண்டும். சேதராப்பட்டு கம்பெனியில் லீவு சொல்லியாயிற்று. கூட வந்திருந்த மனைவி சத்யப்பிரியாதான் பயணத்துக்கு இன்னும் சரி என்று சொல்லவில்லை. தனியாகப் போகக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தாள்.

போன வருடம் மாமல்லபுரத்துக்குத் துணையாக வந்தவன் தம்பி வெற்றிச்செல்வன். திரும்பும்போது மரக்காணம் அருகே அவன் சைக்கிளின் ரிம் வளைந்துவிட்டது. அதை ஒரு கடையில் போட்டுவிட்டு அண்ணனின் கேரியரில் ஏறிக்கொண்டான். ஒரு வேன் உரசிக்கொண்டு போனது. ஆனந்தராஜ் தடுமாறி, சமாளித்து, கொஞ்ச தூரம் மிதித்த பிறகுதான் பின்னால் கனம் இல்லை என்று உணர்ந்தான். தம்பி ரோட்டிலேயே முடிந்துபோயிருந்தான்.

“புது மாடலுண்ணே. மூஞ்சியக் கண்டா தானா சதுரம் போடும். என் மூஞ்சிக்கே போடுதுன்னா பாத்துக்குங்க,” என்றார் ராமலிங்கம்.

சத்யப்பிரியா சிரித்தபடி கேமராவை வாங்கி, எதிரே நிறுத்தியிருந்த கணவனின் சைக்கிளை அதன் வழியே பார்த்தாள். திரையில், கேரியருக்கு மேலே, ஒரு ஆள் உட்கார்ந்தால் முகம் வரும் உயரத்தில் சதுரம் விழுந்தது.

“போஸ்டர்ல இருக்கற தலைவரப் புடிச்சிருக்கும்மா,” என்று எட்டிப் பார்த்தார் ராமலிங்கம். பின்னால் போஸ்டர் எதுவும் இல்லை, சாத்திய ஷட்டர்தான் இருந்தது. அவரே சைக்கிளை உருட்டிப்போய் வெள்ளையடித்த சுவரோரம் நிறுத்தினார். சதுரமும் கூடவே போனது.

“ஏங்க, நீங்க ஏறி ஒக்காருங்க.”

ஆனந்தராஜ் ஏறினான். அவன் முகத்தில் ஒரு சதுரம். இடது தோளுக்குப் பின்னால் இன்னொன்று. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் திரும்பினான். பின்னால் சுவர். திரையில் அந்தச் சதுரம் அசையவில்லை.

ராமலிங்கம் லென்ஸைச் சட்டையில் துடைத்தார். “டிஸ்ப்ளே பீஸு. வர்றவன் போறவன்லாம் நோண்டிக் கெடுத்துட்டானுங்க. சீல் ஒடைக்காதது இருக்கு, எடுத்தாறேன்.”

புதியதில் ஒரே சதுரம்தான் வந்தது. சத்யப்பிரியா அதில் பார்த்தாள், பழையதில் பார்த்தாள், மறுபடியும் புதியதில் பார்த்தாள்.

“டிஸ்ப்ளே பீஸையே குடுங்கண்ணே.”

“அதுக்கு வாரண்டி கெடையாதும்மா.”

“பரவால்ல.”

ஆனந்தராஜ் சீட்டின் நுனிக்கு நகர்ந்திருந்தான். முதுகு ஹேண்டில்பாரை நோக்கி வளைந்திருந்தது. “வேணாம் பிரியா. நான் போகல.”

“தனியா போகாதீங்கன்னுதான சொன்னேன்,” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “போயிட்டு வாங்க.”

உழவர்கரையில் இருக்கும் வீடு வரை இருவரும் நடந்தே வந்தார்கள். அவன் சைக்கிளைத் தள்ளினான். கேரியர் காலியாக இருந்தது. வழியில் வாங்கிய காய்கறிப் பையைச் சத்யப்பிரியா கையிலேயே தூக்கிவந்தாள்.