அறுபத்து மூன்று கருவிகள்

தெருவே அதிரும்படி ஹாரன் அடித்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

"தமிழரசன் சார்! பார்சல்!"

குருபரப்பள்ளி லைன் வீடுகளில் மதியம் கண்ணயர்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கூரியர்காரன் செல்வம் இப்போதெல்லாம் இந்த வீட்டுக்கு விலாசம் பார்ப்பதே இல்லை. வண்டியை நிறுத்துவான், ஹாரன் அடிப்பான்.

"இன்னிக்கு ரெண்டு சார். ஒண்ணு செம கனம். அம்மிக்கல்லு கிம்மிக்கல்லு வாங்கினீங்களா?"

"கிளாம்ப்பா. மரத்தை இறுக்கிப் பிடிக்கிறது. ஜெர்மன் மாடல்."

வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி ஜோதிமணி தலையைத் தூக்கவில்லை. "செல்வம், நாளைக்கும் வருவீங்கல்ல? இங்கயே ஒரு பாய் போட்டுடறேன், படுத்துக்கங்க."

செல்வம் சிரித்தபடி போய்விட்டான். தமிழரசன் பார்சலைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனான்.

போச்சம்பள்ளி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அவன் தரப் பரிசோதகன். இரும்புத் துண்டில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவான். கம்பெனியில் கருவிகளை மாட்டும் பலகையில் ஒவ்வொன்றின் உருவமும் வரைந்திருக்கும். கருவியை எடுத்தால் அதன் காலி உருவம் காட்டிக் கொடுத்துவிடும். பின்னறைச் சுவரில் அதேபோல் ஒரு பலகை வைத்திருந்தான் தமிழரசன். ஆனால் ஒரு சின்ன வித்தியாசம். இங்கே முதலில் உருவத்தை வரைந்துவிடுவான். பிறகு அந்தக் காலி இடம் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும், வாங்கும் வரை. இப்படியே உளி, ரம்பம், இழைப்புளி, மரத்தில் பள்ளம் குடையும் ரௌட்டர் என்று அறுபத்து மூன்று சேர்ந்துவிட்டது.

அந்த உருவங்களை மஞ்சள் பெயின்ட்டில் வரைந்தவள் ஜோதிமணி. கோலம் போட்ட கை. ஒரு கோடு பிசகாது. 'என் கைவண்ணம்' என்று போட்டோ எடுத்து கம்பெனி வாட்ஸப் குரூப்பில் போட்டது தமிழரசன்.

மரத்தில் அவன் இதுவரை செய்தது ஒன்றே ஒன்றுதான். மூடி போட்ட ஒரு பெட்டி. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே தலைமுடி நுழையாத அளவுக்குப் பொருத்தினான். இரும்புக்கு அது அழகு. மறுவாரம் மழை பிடித்தது, மரம் ஊதியது, மூடி இறுகிக்கொண்டது. இன்றுவரை திறக்கவில்லை. உள்ளே வீட்டின் சமையல் கேஸ் புத்தகம் இருக்கிறது.

"கருவி சரியில்லை" என்று அன்றைக்கே இன்னும் நான்கு உளி ஆர்டர் போட்டான். ஜோதிமணி ஒரு வருஷமாகக் கேட்கும் சமையலறைப் பலகை வரவே இல்லை. மசாலா டப்பாக்கள் தரையில் வரிசையாக நிற்கின்றன.

இதெல்லாம்கூட அவனை உறுத்தவில்லை. உறுத்தியது ஜுபைர்.

இரண்டு வீடு தள்ளி இருப்பவன். அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவு, எதிர் ஷிப்ட். போன மாதம் குரூப்பில் ஒரு போட்டோ போட்டான். பைன் மரத்தில் ஐந்து இழுப்பறை வைத்த அஞ்சறைப்பெட்டி. மூலைகள் பல் பல்லாகக் கோத்திருந்தன. 'எங்க வீட்டுக்குப் புதுசு' என்று எழுதியிருந்தான். உடனே நாற்பது பேர். 'பாய், கலக்கிட்டீங்க.' 'பேக்கிங் மரமா பாய்? தங்கக் கை.' ஜுபைர் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அடுத்த வாரம் ஒரு செருப்பு அலமாரி. அதற்கும் சிரிப்புப் பொம்மை.

அவனிடம் ஒரு சுத்தியலாவது உண்டா என்பதே சந்தேகம்! தமிழரசனுக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் டிரைவர் திம்மப்பன்கூட, "சார், பாய்கிட்ட சொல்லி எனக்கொரு ஸ்டூல் வாங்கிக் குடுங்க" என்றார். தமிழரசன் அன்று இரண்டு ரம்பம் வாங்கினான்.

இன்று காலை மேனேஜர் அசோக்குமார் குரூப்பில் எழுதியிருந்தார். 'ஆயுத பூஜைக்கு நம்ம உற்பத்தி லைனுக்கு மரத்தில் ஒரு சாமி மேடை வேண்டும். ஜுபைர் செய்வாரா?'

நூற்றுப் பத்து பேர் இருக்கும் குரூப். தமிழரசனின் அறுபத்து மூன்று கருவிகளையும் போட்டோவில் பார்த்தவர்கள். ஒருவனுக்குக்கூட அவன் பெயர் தோன்றவில்லை. அந்த மேடையைத் தான் செய்யாவிட்டால் இனி பஸ்ஸில் எந்த முகத்தோடு ஏறுவது?

'நான் செய்கிறேன் சார்' என்று எழுதிவிட்டான். எழுதிய கையோடு தைரியம் வரட்டும் என்று பலகையிலிருந்து அரை அங்குல உளியை எடுத்தான். வாங்கியதிலிருந்து ஒருமுறைகூட அவன் பயன்படுத்தாத உளி.

விளிம்பில் மரத்தூள். மூக்கருகே கொண்டுபோனான். பைன் வாசனை.

இழைப்புளியைப் பார்த்தான். அலகு அவன் வைத்த அளவில் இல்லை. பரிசோதகன் கண் அல்லவா, யாரோ கைவைத்த ஒன்பது கருவிகளை ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டான்.

"ஜோதி! என் உளியை யாருக்குக் குடுத்த?"

"நான் யாருக்கும் குடுக்கலீங்க."

"நான் ஷிப்டுக்குப் போனதும் ஜுபைர் வந்து வாங்கிட்டுப் போறான். என் கருவியில பேர் வாங்குறான். அதான?"

"குடுக்கலீங்கன்னா குடுக்கல."

அவன் கேட்கவில்லை. வெர்னியரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, தூறலில் நனைந்தபடி ஜுபைர் வீட்டுக்கே போய்விட்டான்.

அன்று இருவருக்கும் வார விடுமுறை. ஜுபைர் லுங்கியோடு டீ குடித்துக்கொண்டிருந்தான். "வாங்கண்ணே! நிகத், அண்ணனுக்கு ஒரு டீ."

"டீ வேணாம் பாய். அந்த அஞ்சறைப்பெட்டியைக் காட்டுங்க."

அடுப்பு மேடையில் இருந்தது. நாலு நாளாக விடாத மழை. ஆனாலும் விரல் பட்டதும் இழுப்பறை வந்துவிட்டது. தமிழரசன் வெர்னியரை வைத்தான். சுற்றிலும் சரியாக அரை மில்லிமீட்டர் இடைவெளி. கம்பெனியில் இதற்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். இங்கே, அது திறந்தது. வெர்னியரைச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

"எத்தனை நாளா என் கருவியை எடுக்கிறீங்க பாய்?"

"நானா?" ஜுபைர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தான். "அண்ணே, நான் ஆணி அடிச்சா விரல்தான் நசுங்கும். எனக்கெங்க மரவேலை?"

"அப்ப குரூப்ல சிரிச்சீங்களே?"

"நாப்பது பேரு தங்கக் கைன்னு எழுதறாங்க. அழவா முடியும்?"

உள்ளிருந்து வந்த அவன் மனைவி நிகத் படபடவென்று சொன்னாள். "நான் அப்பவே சொன்னேன், உண்மையை எழுதுங்கன்னு. ஜோதிக்காதான் யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க…" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

திரும்பும் வழி இரண்டே வீட்டுத் தூரம். அதற்குள் ஜுபைர் மேலிருந்த எரிச்சல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. விலாசம்தான் மாறியது.

ஜோதிமணி பின்னறையில் இருந்தாள். அவன் வெளியே போட்டுவிட்டுப் போன உளியைத் துடைத்து, அதன் மஞ்சள் உருவத்துக்குள் சரியாக மாட்டினாள்.

"எங்க கத்துக்கிட்ட?"

"நீங்க பார்க்கிற வீடியோதான். நீங்க பாதியில தூங்கிடுவீங்க. நான் கடைசிவரைக்கும் பார்ப்பேன்."

"மரம்?"

"ரோட்டோரப் பழைய சாமான் கடையில பேக்கிங் பெட்டி கிலோ கணக்குல போடறாங்க."

"அந்த அரை மில்லி இடைவெளி?"

"மழைக்கு மரம் ஊதும்ல? கேஸ் புத்தகம் மாட்டிக்கிச்சே, அன்னிக்கே புரிஞ்சுது."

திட்டலாமா, பாராட்டலாமா? அவள் விரல் நுனிகள் காய்த்திருந்தன. அவன் விரல்களில் பார்சல் டேப்பின் பசை.

போனை எடுத்தான். மேடைக்கு 'சரி, நீங்களே செய்யுங்கள்' என்று அசோக்குமார் பதில் போட்டிருந்தார். கீழே பன்னிரண்டு கட்டைவிரல்கள். மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சரி விடு, ஜோதி. அந்தச் சாமி மேடையை நம்ம வீட்டுலயே செஞ்சுடலாம். பத்து நாள் இருக்குது. உனக்கு வராதா என்ன?"

அவள் அடுத்த உளியை எடுத்துத் துடைத்தாள். அவனே தொடர்ந்தான்.

"கேக்கணும்னு நினைச்சேன். நிகத்துக்கு அஞ்சறைப்பெட்டி, செருப்பு அலமாரி. நம்ம வீட்டுல டப்பா எல்லாம் இன்னும் தரையில நிக்குது. இங்க ஒரு பலகைகூட ஏன் செய்யல?"

ஜோதிமணி சுவரில் இருந்த மஞ்சள் கோடுகளை ஒருமுறை பார்த்தாள்.

"இங்க வெச்சா, நீங்க செஞ்சதுன்னு குரூப்ல போட்டுடுவீங்களேங்க."