புகை ஆமையின் கைதி

ஒரு கல் தலையாட்டியதை நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். தொண்ணூற்றொன்றில், லண்டனில் ஒரு நூதனசாலையில் பழம்பொருட்களுக்குக் காவல் நின்ற காலத்தில்.

என்னுடைய பகுதியில் மத்திய அமெரிக்காவின் மாயா அரசன் ஒருவனின் சிற்பக் கல் இருந்தது. அரசன் பெயர் புகை ஆமை. பத்தொன்பது வயதில் முடிசூடி நாற்பத்திரண்டு வருடம் ஆண்டவன். பிறந்த நாள், பட்டமேறிய நாள், பிடித்த ஆட்கள் என்று எல்லாவற்றையும் கல்லில் வெட்டுவித்திருந்தான். அவன் காலடியில் செதுக்கிய ஒரு கைதி முழங்காலில் நின்று அண்ணாந்து பார்த்தான். கைதியின் பெயரை அவனுடைய தொடையிலேயே வெட்டியிருந்தார்கள்.

ஸ்ட்ரெதம் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த யாக்கோப்புக்கு மறுநாள் குரோய்டனில் அகதி விசாரணை. இரண்டு நாளாக அவன் சாப்பிடவில்லை. கொஞ்சம் பராக்காக இருக்கட்டும் என்று அன்று என் வேலையிடத்துக்கு வரச் சொன்னேன்.

“உங்கட ராசாவுக்கு மூக்கு ஒரு முழம் இருக்குமே, அண்ணை?” என்று கல்லைப் பார்த்துச் சிரித்தான். “எத்தினை பேரைப் பிடிச்சவராம்?”

“பதினொரு பேர். அதுதான் அவற்ற பட்டமும். பதினொருவரைப் பிடித்தவன்.”

அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

“ஆர் காட்டிக் குடுத்தது?”

“அதை எழுதேல்லை.”

அப்போது கைதியின் தலை மெல்லக் கீழே இறங்கியது. பிறகு நிமிர்ந்தது. கல்லோடு கல் உரசும் சத்தம் கேட்டது. அதன் கண் அரசனிடம் இல்லை. யாக்கோப்பிடம் இருந்தது.

“கண்டனீங்களோ?”

“ஓம்,” என்றேன்.

அவன் நிலத்தில் குந்தினான். “ஊரில, ஆமிக் காம்பில, என்ர தலையில சாக்குப் போட்டு இருத்தினவங்கள், அண்ணை. கண்ணுக்கு ரண்டு ஓட்டை. சனத்தை வரிசையா நடத்திக்கொண்டு வந்தவங்கள். நான் தலையாட்டினால் அந்த ஆளைப் பிடிச்சுக்கொண்டு போவாங்கள். பதினொரு பேருக்குத் தலையாட்டினனான்.”

“அடிச்சபடியால்தானே ஆட்டினனீ?”

“ஓம். ஒருத்தரும் திரும்பி வரேல்லை.”

“நாளைக்கு அடியை மட்டும் சொல்லு. மற்றதைச் சொன்னியெண்டால் நாட்டுக்குத் திருப்பி ஏத்திப் போடுவாங்கள். விளங்குதோ?”

“விளங்குது.”

“பிறகென்ன? எழும்பு, தேத்தண்ணி குடிப்பம்.”

அவன் எழும்பவில்லை. கைதியின் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தான். “இவற்ற பேரையெண்டாலும் எழுதி வைச்சிருக்கிறாங்கள்,” என்றான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, குரோய்டனில், யாக்கோப்பு பதினொரு பெயர்களையும் சொன்னான். அதிகாரி எழுதிக்கொண்டார்.